லார்வாவை உருமாற்றும் வேதிப்பொருள்: ஆய்வகக் கிண்ணத்தில் கண்டது கடலிலும் உண்மையா?

உப்பங்கழி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் பள்ளியில் உயிரியல் கற்பிக்கிறேன். தலைப்பிரட்டை தவளையாவதற்குத் தைராய்டு ஹார்மோன் காரணம் என்று சென்ற மாதம் வகுப்பில் சொல்லி முடித்தபோது, கடலில் மிதந்து திரியும் சிப்பி லார்வாவுக்கும் அப்படி ஒரு ஹார்மோன் உண்டா என்று ஒரு மாணவி கேட்டாள். படித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடியது.

அபலோன் என்ற கடல் நத்தையின் லார்வாவைக் காபா என்ற நரம்புக் கடத்தி தரையிறங்கச் செய்கிறது என்று கலிஃபோர்னியாவின் சாந்தா பார்பராவில் டேனியல் மோர்ஸ் குழுவினர் 1979-இல் காட்டியிருக்கிறார்கள். சிப்பிக்கு அட்ரினலின் என்கிறார்கள். ஹைட்ராக்டினியா என்ற குழியுடலிக்குச் சீசியம் உப்பே போதுமாம். ஆஸ்திரேலியக் கடல் முள்ளெலி ஒன்றுக்கு ஹிஸ்டமின், குழாய்ப்புழுவுக்குப் பாக்டீரியா. ஒன்றுக்கொன்று உறவே இல்லாத இத்தனை பொருள்கள் எப்படி ஒரே வேலையைச் செய்கின்றன? இவற்றுள் கடலில் உண்மையாகவே நடப்பது எது?

நுண்ணோக்கி எழுதியது:

உங்கள் மாணவி கேட்டது சரியான இடத்தைத் தொடும் கேள்வி. தவளையின் உருமாற்றம் உடலுக்குள் ஓடும் கடிகாரத்தைப் பெரிதும் சார்ந்தது. ஹார்மோன் உயர உயரப் புதிய உறுப்புகள் உருவாகின்றன, பழையவை கரைகின்றன. கடல்வாழ் முதுகெலும்பற்றவற்றுள் பலவற்றில் வரிசை வேறு. லார்வா மிதந்துகொண்டிருக்கும்போதே, வளர்ந்த வாழ்வுக்கு வேண்டிய உறுப்புகளின் பெரும்பகுதியை உள்ளே கட்டி முடித்துவிட்டு, இறங்க ஏற்ற இடம் கிடைக்கும்வரை காத்திருக்கிறது. இதைத் தகுதிநிலை என்கிறோம். சமையல் முடிந்துவிட்டது, இலை போடுவதுதான் பாக்கி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இது வெறும் உவமை அன்று. ஹைட்ராய்டிஸ் எலெகன்ஸ் என்ற குழாய்ப்புழுவின் தகுதிபெற்ற லார்வாக்களில் புதிய ஆர்.என்.ஏ. உருவாவதையும் புதிய புரதம் உருவாவதையும் மருந்துகளால் தடுத்துப் பார்த்தார்கள். அப்போதும் உருமாற்றத்தின் தொடக்கக் கட்டங்கள் நடந்தேறின என்று ஹவாய்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் ஹாட்ஃபீல்டின் ஆய்வகம் 2003-இல் வெளியிட்டது. தொடங்குவதற்கு வேண்டிய எல்லாமே முன்கூட்டியே ஆயத்தமாக இருந்தன என்பதற்கு இதைவிட நேரான சான்று தேவையில்லை.

இனி உங்கள் பட்டியலுக்கு வருவோம். வெளியிலிருந்து வரும் பொருளை ஓர் உணர்செல் அறிகிறது. அது நரம்பைத் தூண்டுகிறது. நரம்பு உள்ளே ஒரு கடத்தியையோ சிறு புரதக்கூறையோ வெளியிடுகிறது. அது திசுக்களை எட்டியதும் உடல் மாறத் தொடங்குகிறது. இந்தச் சங்கிலியின் எந்தக் கண்ணியைப் பிடித்து இழுத்தாலும் அதற்கு அடுத்தவை அசையும். சீசியம் அயனி செல்லின் மின்னழுத்தத்தைக் குலைப்பதால் ஹைட்ராக்டினியா மாறுகிறது. கடலில் எந்தப் பாறையும் அந்த அளவு சீசியத்தைக் கசியவிடுவதில்லை. அதே ஹைட்ராக்டினியாவில் உள்ளிருந்து வேலை செய்யும் புரதக்கூறு ஒன்றுக்கு 1994-இல் மெட்டமார்ஃபோசின் ஏ என்று பெயரிட்டார்கள். அது சங்கிலியின் நடுக்கண்ணி. முதற்கண்ணி, அந்த லார்வா இறங்கும் பரப்பில் வாழும் பாக்டீரியாவிடமிருந்து வருவது. ஆக, உங்கள் பட்டியலில் வெவ்வேறு கண்ணிகளைச் சேர்ந்த பொருள்கள் ஒரே வரிசையில் வந்து நிற்கின்றன. குழப்பத்துக்கு அதுதான் காரணம்.

மாணவிக்கு இன்னொன்றும் சொல்லலாம். கடல் முள்ளெலிகளுக்கு உறவான சாண்ட் டாலர் போன்றவற்றில் தைராக்சின் என்ற தைராய்டு ஹார்மோன் லார்வாவின் வளர்ச்சியை விரைவுபடுத்துகிறது. தின்னும் நுண்பாசியிலிருந்தே அதைப் பெறவும் முடிகிறது. ஆனால் அது தகுதிநிலைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை. இறங்கும் இடத்தைக் காட்டுவது அதன் வேலையன்று.

சிப்பித்தொட்டி எழுதியது:

நான் சிப்பிக் குஞ்சு பொரிப்பகத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன். நுண்ணோக்கி ஐயா சொன்ன சங்கிலியை நாங்கள் அன்றாடம் கையால் தொட்டுப் பார்க்கிறோம்.

லார்வாவில் கண்புள்ளி தெரிந்து, கால் வெளியே நீண்டு தரையைத் துழாவத் தொடங்கினால் அது தகுதிநிலைக்கு வந்துவிட்டது என்று பொருள். அப்போது லிட்டருக்கு 0.1 மில்லிமோல் அளவில் எபிநெஃப்ரின், அதாவது அட்ரினலின், கலந்த கடல்நீரில் சிறிது நேரம் வைத்தால், பசிபிக் சிப்பியின் லார்வா எதன்மீதும் ஒட்டாமலே உருமாறிவிடும். டோப்பமினின் முன்னோடிப் பொருளான எல்-டோப்பாவைக் கொடுத்தாலோ முதலில் துழாவும், ஊரும், இடம் பார்க்கும், பிறகே மாறும். 1980-களில் அமெரிக்காவில் கூன், பொனார் ஆகியோர் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டினார்கள். இடம் தேடும் நடத்தை ஒரு வழி, உடல் மாறுவது இன்னொரு வழி. முதல் வழியில் டோப்பமின் ஏற்பியும் (டோப்பமினைப் பற்றிக்கொண்டு செல்லுக்குச் செய்தி சொல்லும் புரதம்) இரண்டாம் வழியில் அட்ரினலின் ஏற்பியும் பங்கேற்கின்றன என்பது அவர்கள் கண்டது.

பண்ணைக்கு இதனால் பெரிய பயன் உண்டு. ஒட்டாமல் மாறிய சிப்பிகள் ஒன்றோடொன்று கொத்தாக ஒட்டிக்கொள்ளாமல் தனித்தனியாக வளரும்; உணவு விடுதிக்காரர்கள் கேட்பது அத்தகைய ஒற்றைச் சிப்பியைத்தான். ஒட்ட வைத்தே வளர்ப்பதானால் பழைய சிப்பி ஓடுகளைக் கோத்துத் தொட்டியில் தொங்கவிடுவோம்.

கடலில் எந்தச் சிப்பியும் அட்ரினலினைத் தேடிப் போவதில்லை என்பது எங்களுக்கும் தெரியும். ஆனால் தொட்டியில் வேலை நடக்கிறதே!

வெள்ளலை எழுதியது:

தொட்டியில் வேலை நடப்பதை யாரும் மறுக்கவில்லை, சிப்பித்தொட்டி அண்ணா. அப்படி வேலை நடந்ததை வைத்து "இயற்கைத் தூண்டியைக் கண்டுபிடித்துவிட்டோம்" என்று எழுதுவதைத்தான் மறுக்கிறேன். நான் வேதியியல் படித்தவன்; சாறெடுத்துப் பிரித்துப் பார்க்கும் வேலையில் எவ்வளவு எளிதாக ஏமாறலாம் என்பது தெரியும். உப்பங்கழி குறிப்பிட்ட ஹிஸ்டமின் கதையே அதற்கு நல்ல சான்று. அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

ஹோலோப்நியூஸ்டிஸ் பர்புரசென்ஸ் என்ற கடல் முள்ளெலி சிட்னிக் கரையில் கடற்பாசிகளின் இலைப்பரப்பிலேயே வாழ்வது. வளர்ந்தவை பெரும்பாலும் எக்லோனியா என்ற பழுப்புப் பாசியில் இருக்கின்றன. புதிதாக இறங்கிய குஞ்சுகளோ டெலிசியா புல்க்ரா என்ற சிவப்புப் பாசியில் கிடைத்தன. ஆகவே அந்தச் சிவப்புப் பாசியில்தான் அழைப்பு இருக்க வேண்டும் என்று சிட்னி ஆய்வாளர்கள் அதன் நீர்ச்சாற்றைப் பிரித்தார்கள். ஃப்ளோரிடோசைடு என்ற சர்க்கரைப் பொருளும் ஐசெதியோனிக் அமிலமும் சேர்ந்த ஒரு கூட்டே தூண்டி என்று 2000-இல் அறிவித்தார்கள். தாளில் எல்லாம் பொருந்தியிருந்தது: பாசியில் இருக்கிறது, நீரில் கரைகிறது, லார்வா மாறுகிறது.

2004-இல் அதே குழுவே, மேலும் நுணுக்கமாகப் பிரித்துப் பார்த்து, தாங்கள் முன்பு சொன்னது தவறு என்று எழுதியது. உண்மையில் வேலை செய்தது ஹிஸ்டமின். முதல் முறை பிரித்தபோது அந்தச் சர்க்கரைக் கூட்டோடு அது மிகச் சிறிய அளவில் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. மிகுதியாக இருந்த பொருளைப் பார்த்து அதுவே காரணம் என்று எண்ணியிருந்தார்கள். சொன்னதைத் தாமே திருத்திக்கொண்ட அந்த நேர்மையை நான் மிக மதிக்கிறேன். அதே வேளையில், திருத்துவதற்கு ஆளில்லாமல் அப்படியே நின்றுபோன "தூண்டிகள்" எத்தனை இருக்கும் என்று நினைத்தால் கவலையாகவும் இருக்கிறது.

என் அளவுகோல் மூன்று கேள்விகள். அந்தப் பொருள் லார்வா இறங்கும் இடத்தில் இருக்கிறதா? வேலை செய்யப் போதுமான அளவில் இருக்கிறதா? அதை அங்கிருந்து எடுத்துவிட்டால் லார்வா இறங்காமல் போகிறதா? முதல் இரண்டுக்கு விடை தரும் ஆய்வுகளே குறைவு. மூன்றாவதை எட்டியவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

நுண்ணோக்கி எழுதியது:

மூன்றாவதை எட்டிய ஒன்றை நான் தருகிறேன், வெள்ளலை. மேலே நான் சொன்ன அதே குழாய்ப்புழு.

ஹைட்ராய்டிஸ் எலெகன்ஸ் வெப்பமண்டலத் துறைமுகங்களில் கப்பலடியில் வெள்ளைச் சுண்ணக்குழாய்களாகப் படிவது; ஹவாயின் பேர்ல் துறைமுகத்தில் தாராளமாகக் கிடைக்கும். கருவுற்று ஏறத்தாழ ஐந்தாம் நாளில் லார்வா தகுதிநிலைக்கு வருகிறது. பரப்பின்மேல் பாக்டீரியாப் படலம் இருந்தால் சில நிமிடங்களிலேயே ஒட்டிக்கொண்டு முதற்குழாயைச் சுரக்கத் தொடங்குகிறது, நீந்த உதவிய மயிரிழைகளை இழக்கிறது. படலமே இல்லாத தூய பரப்பாக இருந்தால் மிதந்துகொண்டே இருக்கும்.

எல்லாப் பாக்டீரியாவும் இதைச் செய்வதில்லை. சூடோஆல்டெரோமோனாஸ் லூட்டியோவயலேசியா என்ற ஊதா நிறப் பாக்டீரியா தனியாகவே செய்கிறது. அதன் மரபணுக்களை ஒவ்வொன்றாகக் குலைத்துப் பார்த்தபோது, சில மரபணுக்கள் போனால் படலம் வழக்கம்போல் உருவாகிறது, ஆனால் லார்வா மாறுவதில்லை என்று தெரிந்தது. நிக்கோலஸ் ஷிகுமாவும் குழுவினரும் 2014-இல் சயன்ஸ் இதழில் அந்த மரபணுக்கள் கட்டும் பொருளைப் படம் பிடித்தே காட்டினார்கள். நாம் எதிர்பார்ப்பதைப் போல் அது ஒரு சிறு மூலக்கூறு அன்று. பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸின் வாலைப் போன்ற, சுருங்கிக் குத்தும் குழல்கள் ஏறக்குறைய நூறு, ஒரு கூட்டமாக அடுக்கி, அறுகோண வலையால் பிணைக்கப்பட்டிருந்தன. பாக்டீரியாக்களுள் ஒரு பகுதி வெடித்துச் சிதறும்போது இந்தக் கூட்டம் வெளியே வருகிறது. உருமாற்றத்தோடு தொடர்புடைய சுருங்கும் அமைப்பு என்ற பொருள்படும் ஆங்கிலப் பெயரைச் சுருக்கி, இதை மேக் என்று அழைக்கிறார்கள். குழலின் உள்ளே மிஃப்1 என்ற புரதம் ஏற்றப்பட்டிருக்கிறது என்பதும், லார்வாவை மாற்றுவது அந்தப் புரதமே என்பதும் 2019-இல் வெளிவந்தன. லார்வாவின் செல்களுக்குள் டைஅசைல்கிளிசரால், புரதக் கைனேஸ் சி என்ற செய்திகடத்தும் மூலக்கூறுகள் வழியாகச் செய்தி போகிறது என்பது 2022-இல் தெரிந்தது.

மரபணுவை எடுத்தால் வேலை நிற்கிறது. உங்கள் மூன்றாவது கேள்விக்கு விடை கிடைத்துவிட்டதல்லவா?

உப்பங்கழி எழுதியது:

ஒரு சிறு சந்தேகம். புழு வந்து குடியேறுவதால் பாக்டீரியாவுக்கு என்ன இலாபம்? தன்னையே வெடித்துச் சிதறடித்துக்கொண்டு ஏன் இன்னொரு உயிருக்கு வழிகாட்ட வேண்டும்?

வெள்ளலை எழுதியது:

வழிகாட்ட வேண்டும் என்ற நோக்கம் பாக்டீரியாவுக்கு இருந்தாக வேண்டியதில்லை. இந்த இடத்தில் நம் மொழி நமக்குக் கைகொடுக்கிறது. சைகை என்றால் காட்டுபவருக்கு ஒரு நோக்கம் உண்டு. தடயம் என்றால் விட்டவருக்கு நோக்கம் வேண்டியதில்லை, பார்ப்பவருக்கு இருந்தால் போதும். பறவையின் காலடித் தடத்தைப் பார்த்து வேடன் போகிறான். பறவை அவனை அழைக்கவில்லை. கட்டுரைகளில் இரண்டையும் கலந்து எழுதுவதால்தான் உங்களுக்கு இந்தச் சந்தேகம் வருகிறது.

அந்தக் குழல்களுக்கு வேறு வேலையும் உண்டு. அதே மேக் கூட்டத்தில் பிஎன்இ1 என்ற இன்னொரு புரதமும் ஏற்றப்படுகிறது. அது பூச்சியின் செல்களையும் எலியின் நோயெதிர்ப்புச் செல்களையும் ஆய்வகத்தில் கொல்கிறது. ஆயுதமாக உருவான ஒன்றைப் புழு தனக்கு வேண்டிய தடயமாக எடுத்துக்கொண்டிருக்கலாம் என்பது என் எண்ணம். இதை எண்ணமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

நுண்ணோக்கிக்கு ஒரு மறுப்பு. மரபணுவை எடுத்தால் வேலை நிற்கிறது என்பது அந்த ஒரு பாக்டீரியாவுக்கு. மேக் இல்லாத பாக்டீரியாக்களும் இதே புழுவை மாற்றுகின்றன. செல்லுலோஃபேகா லிட்டிகாவில் சவ்வுக் கொப்புளங்களில் வரும் லிப்போபாலிசாக்கரைடு என்ற கொழுப்பு-சர்க்கரைப் பெருமூலக்கூறு அந்த வேலையைச் செய்கிறது என்று ஹாட்ஃபீல்டின் குழு காட்டியிருக்கிறது. பேர்ல் துறைமுகத்தின் கலப்புப் படலத்தில் அந்தப் புழு எதைப் படித்து இறங்குகிறது? ஒரே கதவுக்கு இரண்டு சாவிகள் இருக்கும்போது ஒன்றை எடுத்துக் காட்டிவிட்டு "இதுதான் சாவி" என்று சொல்ல முடியாது.

நுண்ணோக்கி எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன். "ஒரு பாக்டீரியாவுக்கு நிறுவப்பட்டது" என்று நான் எழுதியிருக்க வேண்டும்.

பவளத்திட்டு எழுதியது:

பவளத்தைப் பற்றி இதுவரை யாரும் பேசாததால் நான் சேர்கிறேன். வெள்ளலையின் மூன்று கேள்விகளில் இரண்டாவதில் இடறி நிற்பவர்கள் நாங்கள்.

பவள லார்வாக்கள் பாறைமேல் ஓடுபோலப் படியும் இளஞ்சிவப்புச் சுண்ணப்பாசியை நாடுகின்றன என்பது நெடுநாளாகத் தெரிந்ததே. 2011-இல் ஆஸ்திரேலியப் பெருந்தடுப்புப் பவளத்திட்டின் சுண்ணப்பாசியிலிருந்து எடுத்த சூடோஆல்டெரோமோனாஸ் பாக்டீரியாவில் டெட்ராபுரோமோபைரோல் என்ற சிறு மூலக்கூறைக் கண்டார்கள். முன்பே கிருமிக்கொல்லியாக அறியப்பட்டிருந்த பொருள்தான் அது. அதைக் கொடுத்தால் அக்ரோபோரா மில்லெபோரா லார்வாக்கள் உருமாறின. ஆனால் பெரும்பாலானவை எதன்மீதும் ஒட்டவே இல்லை. நீரில் மிதந்தபடியே குட்டிப் பவளமாயின. ஒட்டாத பவளம் கடலில் பிழைக்காது. அட்ரினலின் கொடுத்த சிப்பியை அண்ணா சொன்னபோது எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது. வித்தியாசம் என்னவென்றால் பண்ணையில் அது வரம், பவளத்திட்டில் அது சாவு. 2014-இல் கரீபியப் பவளங்களில் அதே மூலக்கூறு ஒட்டுதலையும் சேர்த்தே தூண்டியது என்று இன்னொரு குழு காட்டியது. ஒரே பொருள், ஓர் இனத்தில் அரைவேலை, வேறோர் இனத்தில் முழுவேலை.

பிறகு 2015-இல், டெட்ராபுரோமோபைரோலை முதலில் கண்டவர்களுள் சிலரே, சுண்ணப்பாசியின் செல்சுவரிலிருந்து வரும் பாலிசாக்கரைடுகளும் (நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள்) கிளிசரால் சேர்ந்த சர்க்கரைக் கொழுப்புகளும் பவளத்தை இறக்குகின்றன என்று எழுதினார்கள். என் சாய்வு அந்தப் பக்கம்தான். பாக்டீரியா மூலக்கூறு மிகக் கூர்மையாக வேலை செய்கிறது என்பது உண்மை. ஆனால் பாசியின் மேற்பரப்பில் அது அந்த அளவு சேர்ந்திருக்கிறது என்பதற்குச் சான்று மெலிந்தது.

உள்கண்ணிக்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஹைட்ராவிலிருந்து எடுத்த ஹிம்-248 என்ற புரதக்கூறு அக்ரோபோரா லார்வாக்களை உருமாற்றுகிறது என்று 2002-இல் ஜப்பானியர் கண்டார்கள். நுண்ணோக்கி சொன்ன மெட்டமார்ஃபோசினின் குடும்பம்தான் அது. கரீபியக் கடலில் அக்ரோபோரா பால்மேட்டாவில் அது வேலை செய்தது. மலைப்பவளம் எனப்படும் ஆர்பிசெல்லாவில் செய்யவில்லை. பவளத்தை வளர்த்துக் கடலில் நட நினைப்பவர்கள் இனத்துக்கு இனம் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

மரக்கலம் எழுதியது:

கப்பல் பூச்சு வேலையில் இருப்பவன் என்ற முறையில் கப்பலடியில் ஓடு கட்டி ஒட்டிக்கொள்ளும் கொட்டலசைப் பற்றி மட்டும் சுருக்கமாக. அதன் கடைசி லார்வாவான சிப்ரிட் உண்பதே இல்லை; கையிருப்புக் கொழுப்பு தீர்வதற்குள் இடம் பார்த்தாக வேண்டும். தன் இனத்தார் இருக்கும் இடத்தையே அது தேடுகிறது என்று நைட்-ஜோன்ஸ் 1953-இல் எழுதினார். ஒட்டியபின் நகர முடியாத உயிரி, குறுக்குக் கருவுறுதலுக்கு எட்டும் தொலைவில் துணை இருந்தாக வேண்டும்; அதனால் அந்தத் தேடலில் பொருள் இருக்கிறது. அந்த அடையாளம் ஒரு பெரிய சர்க்கரைப் புரதத் தொகுதி என்று 1998-இல் ஜப்பானில் பிரித்தெடுத்தார்கள். நடந்து பார்க்கும் சிப்ரிட் விட்டுச்செல்லும் காலடிப் பசையிலும் அதே புரதம் இருக்கிறது. வெள்ளலை சொன்ன காலடித் தடம் இங்கே உவமையே அன்று!

எங்கள் தொழிலில் இதன் மறுபக்கம் முக்கியம். ஒட்டும் உயிரிகளைக் கொல்லும் ட்ரைபியூட்டைல் டின் என்ற நச்சு கலந்த பூச்சுகளைத் தடைசெய்யும் பன்னாட்டு உடன்படிக்கை 2001-இல் ஏற்கப்பட்டு 2008-இல் நடைமுறைக்கு வந்தபின், கொல்லாமல் தடுக்கும் வழிகளைத் தேட வேண்டியதாயிற்று. ஸ்வீடனில் உருவான மெடெடோமிடின் அத்தகையது. சிப்ரிட்டில் ஆக்டோபமின் என்ற நரம்புக் கடத்தியின் ஏற்பியை அது தூண்டுவதால் கால்கள் ஓயாமல் உதைத்துக்கொள்கின்றன. ஒட்ட முடியாமல் போய்விடுகிறது. பூச்சிலிருந்து நீங்கினால் மீண்டும் தெளிந்துவிடும்.

உப்பங்கழி எழுதியது:

எல்லாரும் சொல்வது பரப்பைத் தொட்டபின் நடப்பது. நீரில் கரைந்து வரும் பொருள் என்றால்? அலையும் நீரோட்டமும் அதை உடனே கலைத்துவிடாதா? ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத உடம்பை வைத்துக்கொண்டு லார்வா எப்படி எதிர்த்து நீந்தும்?

நுண்ணோக்கி எழுதியது:

எதிர்த்து நீந்தத் தேவையில்லை என்பதுதான் விடை. ஃபெஸ்டில்லா என்ற ஓடில்லாக் கடல் நத்தை போரைட்டிஸ் பவளத்தை மட்டும் தின்று வாழ்வது. அதன் லார்வா அந்தப் பவளத்திலிருந்து நீரில் கரைந்து வரும் பொருளால் உருமாறுகிறது. ஹாட்ஃபீல்டும் நீரோட்ட இயற்பியல் வல்லுநர் மிமி கோலும் 2004-இல் பார்த்தது இது: பவளத்திட்டின்மேல் அந்தப் பொருள் சீராகக் கலப்பதில்லை, நூலிழைகளாகச் சுழன்று போகிறது. லார்வா ஓர் இழைக்குள் நுழைந்ததும் நீந்துவதை நிறுத்திக் கீழே அமிழ்கிறது. இழையைவிட்டு வெளியே வந்ததும் மீண்டும் நீந்துகிறது. திசை அறிய வேண்டியதே இல்லை. பவளத்தை நெருங்க நெருங்க இழைகள் அடர்வதால் அமிழும் நேரம் கூடுகிறது, அதனாலேயே பவளத்தின்மேல் வந்து சேர்கிறது.

பொருள் எதுவாயினும் உள்ளே அதை எப்படிப் படிக்கிறது என்பது இனத்துக்கு இனம் மாறும். செல்களுக்குள் செய்தி கடத்தும் நைட்ரிக் ஆக்சைடைப் பாருங்கள். இலியனாசா என்ற சேற்று நத்தையில் அது உருமாற்றத்தைப் பிடித்து நிறுத்தும் தடை. அதன் உற்பத்தியை நிறுத்தினாலே லார்வா மாறிவிடும். ஆம்ஃபிமெடான் கடற்பஞ்சிலோ அதுவே உருமாற்றத்தைத் தூண்டுகிறது.

சிப்பித்தொட்டி எழுதியது:

வெள்ளலை தம்பி, உங்கள் மூன்று கேள்விகளை எங்கள் ஓட்டுச் சரங்களுக்கு வைத்துப் பார்க்க ஆசை வந்துவிட்டது. பழைய ஓட்டைக் கடலில் ஊறவைத்துத் தொட்டியில் போட்டால் புது ஓட்டைவிட நன்றாக ஒட்டுகிறது என்பது அனுபவம். அது ஓட்டினாலா, அதன்மேல் படிந்த பாக்டீரியாவினாலா என்று பிரிக்க எளிய வழி உண்டா?

வெள்ளலை எழுதியது:

உண்டு அண்ணா. கழுவி வெயிலில் காய்ந்த ஓடு, கடலில் இரண்டு வாரம் ஊறிய ஓடு, அதேபோல் ஊறியபின் பாக்டீரியா சாகும்படி கொதிநீரில் போட்டு எடுத்த ஓடு, இவற்றை ஒரே நாளில் பொரித்த லார்வாக்களுக்குத் தனித்தனிக் கலன்களில் வையுங்கள். நான்காவதாக, ஊறிய ஓட்டை ஓரிரவு வைத்திருந்த கடல்நீரை நுண்வடிகட்டியில் வடித்துத் தூய ஓட்டோடு வையுங்கள். அதிலும் ஒட்டினால் பொருள் நீரில் கரைவது. ஒவ்வொன்றுக்கும் ஐந்து கலன்களாவது வேண்டும். கலன்களின் வரிசையைக் கலைத்து, எண்ணுபவருக்கு எது எதுவென்று தெரியாமல் ஒட்டியவற்றை எண்ணச் சொல்லுங்கள். அட்ரினலின் வைத்த ஒரு கலனையும் சேர்த்துக்கொள்ளுங்கள்; அதிலும் மாறாவிட்டால் லார்வாக்கள் இன்னும் தகுதிநிலைக்கு வரவில்லை என்று அறிந்து அன்றைய எண்ணிக்கையைக் கைவிடலாம்.

சிப்பித்தொட்டி எழுதியது:

கொதிக்க வைத்த ஓடு எனக்குத் தோன்றவே இல்லை. இரண்டு சரங்களை இன்றைக்கே கடலில் இறக்கிவிடுகிறேன். ஊறி முடிவதற்கும் அடுத்த தொகுதியில் கண்புள்ளி தெரிவதற்கும் நாள் சரியாக இருக்கும். எண்ணுவதற்கு உப்பங்கழி ஆசிரியரின் மாணவியை அழைத்து வந்தால் நன்று. எது எந்தக் கலன் என்று அவளுக்குச் சொல்லமாட்டேன்.